டிஸ்க்வேர்ல்ட்: வரிசை எண்ணை விடுங்கள், ஆளைப் பார்த்துப் படியுங்கள்

இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் மொத்தம் 41 நாவல்கள். முதலாவது 1983-ல் வந்தது. கடைசி நாவல் 2015-ல், அவர் காலமான சில மாதங்களுக்குப் பிறகு வெளியானது. விண்வெளியில் நீந்தும் ஓர் ஆமை, அதன் முதுகில் நான்கு யானைகள், யானைகளின் மேல் தட்டு மாதிரி ஓர் உலகம். இதை முதல் சில பக்கங்களிலேயே சொல்லி முடித்துவிடலாம். மீதிப் புத்தகங்களுக்கு வாசகரை இழுத்துப் போவது அங்கே வாழும் ஆட்கள்தான். யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறீர்களோ, அதை வைத்துத்தான் இந்த வரிசை உங்களுக்கு ஒட்டுமா ஒட்டாதா என்பது முடிவாகும்.

முதல் புத்தகமான ‘தி கலர் ஆஃப் மேஜிக்’கிலிருந்து தொடங்குகிறவர்களில் பலர் பாதியில் நின்றுவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. அதன் நாயகன் ரின்ஸ்விண்ட் என்ற மந்திரவாதி. ஓடுவதைத் தவிர அவனுக்கு ஒன்றும் உருப்படியாக வராது. வாளும் மந்திரமும் கலந்த பழைய சாகசக் கதைகளைக் கேலி செய்ய எழுதிய புத்தகம் அது. அந்தக் கதைகளைப் படித்திராதவருக்குப் பாதி கேலி புரியாமலே போகும். ரின்ஸ்விண்ட் மாறுவதும் இல்லை. துரத்துவார்கள், ஓடுவான், பிழைப்பான். அவனோடு வரும் லக்கேஜ் என்ற பெட்டிதான் அந்தக் கதைகளின் உண்மையான கண்டுபிடிப்பு. நூற்றுக்கணக்கான குட்டிக் கால்கள், முதலாளி மீது நாய்க்கு நிகரான விசுவாசம், குறுக்கே வருபவர்களை விழுங்கும் பழக்கம். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அது கோபப்படுவதைப் படிக்கும்போது பிராட்செட்டின் கை எவ்வளவு தேர்ந்தது என்று தெரியும். ஆனாலும் இதை முதலில் எடுக்காதீர்கள்.

சாம் வைம்ஸில் தொடங்குங்கள். 1989-ல் வந்த ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ நாவலின் தொடக்கத்தில் ஆங்க்-மோர்போர்க் நகரத்தின் இரவுக் காவல் படைத் தலைவர் குடித்துவிட்டு மழையில் சாக்கடையோரம் விழுந்து கிடக்கிறார். அவரையும் சேர்த்துப் படையில் மூன்றே பேர். திருடர்களுக்கே சங்கம் வைத்து, ஆண்டுக்கு இவ்வளவு திருட்டு என்று கணக்கு வைத்திருக்கும் ஊரில் காவலருக்கு என்ன வேலை? அந்த மனிதர் எட்டு நாவல்களில் கேப்டன், கமாண்டர், பிரபு என்று ஏறிக்கொண்டே போகிறார். பதவி ஏற ஏறக் கோபமும் ஏறுகிறது. இந்தக் கோபத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் ஒரு பூட்ஸ் கணக்கு வரும். வைம்ஸின் மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர். அட்டை அடிப்பாகம் வைத்த மட்டரக பூட்ஸ் 10 டாலர், ஒன்றிரண்டு பருவத்தில் ஓட்டையாகிவிடும். 50 டாலர் கையில் இருப்பவனுக்குப் பத்து வருடம் கழித்தும் கால் நனையாது. இல்லாதவன் அதே காலத்தில் 100 டாலர் செலவழித்திருப்பான், காலும் நனைந்தபடியே இருக்கும். பொருளாதாரம் பற்றிய பேச்சுகளில் இன்று அடிக்கடி எடுத்தாளப்படும் பத்தி இது. ஆனால் கதைக்குள் அது வெறும் தத்துவமாக நிற்பதில்லை. அடிப்பாகம் தேய்ந்த பூட்ஸைப் போட்டே பழகியதால், கும்மிருட்டிலும் மூடுபனியிலும் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று கல்லின் வடிவத்தைக் கொண்டே வைம்ஸின் பாதம் சொல்லிவிடும். நகரத்தின் பெரும் பணக்காரியான சிபிலை மணந்த பிறகு அவருக்குக் கிடைக்கும் விலை உயர்ந்த பூட்ஸ் அந்த அறிவைப் பறித்துவிடுகிறது. ‘நைட் வாட்ச்’ நாவலில் முப்பது வருடம் பின்னுக்குத் தள்ளப்பட்டு மறுபடியும் மட்டரக பூட்ஸில் நடக்கும்போதுதான் தன் ஊர் அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஒரு பொருளை இவ்வளவு புத்தகங்களுக்கு விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரைக் காட்டுவது சாதாரண வேலை இல்லை.

‘நைட் வாட்ச்’தான் (2002) மொத்த வரிசையிலும் உச்சம் என்பது என் தீர்மானம். அதில் நகைச்சுவை குறைவு. சித்திரவதைக் கூடம் உண்டு, தெருத் தடுப்புகள் உண்டு, சாகப் போகிறவர்களின் பெயர்கள் வைம்ஸுக்கு முன்கூட்டியே தெரியும். தான் துரத்தி வந்த கொலைகாரன் கையில் அகப்பட்ட பிறகும் சட்டப்படி கைது செய்வதா, அங்கேயே முடித்துவிடுவதா என்ற இடத்தில் அதற்கு முந்தைய ஐந்து வைம்ஸ் நாவல்களின் பாரமும் வந்து நிற்கிறது. அதனால்தான் இதை முதலில் படித்தால் வீணாகிவிடும். அந்த நகரத்தையும் அவருடைய மனைவியையும் நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’, ‘மென் அட் ஆர்ம்ஸ்’, ‘ஃபீட் ஆஃப் கிளே’ மூன்றையும் முடித்துவிட்டு வாருங்கள். அடுத்து ‘தட்!’ நாவல். வைம்ஸ் தினமும் மாலை சரியாக ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குப் படப்புத்தகம் படித்துக் காட்டுவார். நகரமே பற்றி எரிந்தாலும் ஆறு மணி ஆறு மணிதான். நல்ல காரணத்துக்காக ஒரு நாள் தவறவிட்டால் நாளைக்கு நொண்டிச் சாக்குக்கும் தவறவிடுவோம் என்று தன்னைப் பற்றித் தெரிந்த மனிதர். அந்தப் படப்புத்தக வரிகள் குகை இருட்டில் எங்கே வந்து நிற்கின்றன என்பதை நான் சொல்லப்போவதில்லை.

கிரானி வெதர்வாக்ஸும் இதே ரகம். மலை கிராமத்து சூனியக்காரி. மந்திரம் தெரியும், ஆனால் முடிந்தவரை பயன்படுத்த மாட்டாள். ஆட்களின் மனதைப் படித்து, அவர்கள் நம்புவதை வைத்தே காரியத்தை முடிப்பாள். மிருகங்களின் மனதுக்குள் புகுந்து திரியும் நேரத்தில் உடம்பு கட்டை மாதிரி கிடக்கும் என்பதால், செத்துவிட்டதாக நினைத்து யாரும் புதைத்துவிடக் கூடாதென்று, இன்னும் சாகவில்லை என எழுத்துப்பிழையோடு ஓர் அட்டை எழுதிக் கையில் வைத்துக்கொள்வாள். படித்ததும் சிரிப்பு வரும். அதே கிழவி ‘கார்ப்பே ஜுகுலம்’ தொடக்கத்தில் ஒரு பிரசவ வீட்டில் நிற்கிறாள். தாய், பிள்ளை இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். கணவனைக் கேட்கலாமா என்கிறாள் மருத்துவச்சி. கேட்க விடமாட்டாள் கிரானி. கேட்டால் அந்த முடிவை அவன் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும். அந்தச் சுமையைத் தானே எடுத்துக்கொண்டு நடக்கிறாள். நன்றி கிடைக்காது, எதிர்பார்க்கவும் மாட்டாள். பொல்லாத வழியில் போக அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ‘விட்சஸ் அப்ராட்’ நாவலில் அக்காவைச் சந்திக்கும்போது, அவள் கெட்டவளாகப் போனதால் நல்லவளாக இருக்கும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதே என்று அவளுக்கு வரும் ஆத்திரம் அப்படியே எரியும்.

வைம்ஸ், கிரானி இருவரிடமும் நான் மதிப்பது இதைத்தான். தங்களால் என்ன கொடுமை செய்ய முடியும் என்று இருவருக்கும் துல்லியமாகத் தெரியும். அதனால் இருபத்துநாலு மணி நேரமும் தங்களைத் தாங்களே காவல் காக்கிறார்கள். பிறவியிலேயே தங்கமானவர்களைப் பிராட்செட் அவ்வளவாக நம்பவில்லை என்று தோன்றுகிறது. வைம்ஸின் படையில் வந்து சேரும் கேரட் அப்படிப்பட்டவன்தான்: குள்ளர்கள் எடுத்து வளர்த்த ஆறடிப் பையன், நகரத்தின் பழைய சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்து முதல் வேலையாகத் திருடர் சங்கத் தலைவரையே கைது செய்கிறவன். ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ நாவலுக்குப் பிறகு அவன் மனதுக்குள் கதை அதிகம் போவதில்லை. வெளியிலிருந்துதான் பார்க்கிறோம், கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

கிரானியின் கதைகள் ஆறு. ‘ஈக்வல் ரைட்ஸ்’ அவளுடைய முதல் நாவல் என்றாலும் அதில் ஆள் இன்னும் முழுதாக உருவாகவில்லை. ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ (1988) சரியான வாசல். நானி ஆக் அங்கேதான் வருகிறாள்: மூன்று கணவர்களைப் பார்த்தவள், பதினைந்து பிள்ளைகள் பெற்றவள், மருமகள்களைப் படாத பாடு படுத்துகிறவள், கிரேபோ என்ற ரவுடிப் பூனையைக் குட்டிப்பாப்பா மாதிரி கொஞ்சுகிறவள். குடியும் பாட்டுமாகத் திரியும் அவளைச் சும்மா நகைச்சுவைப் பாத்திரம் என்று கடந்துபோய்விடாதீர்கள். கிரானி சொன்னால் ஊர் பயந்து கேட்கும், நானி சொன்னால் விரும்பிக் கேட்கும். இரண்டாவதில் கூடுதல் சாமர்த்தியம் இருக்கிறது.

மரணமே ஓர் ஆளாக வரும் டெத், வரிசை முழுக்க வருவார். இரண்டு நாவல்களில் மட்டும் தலைகாட்டுவதில்லை. கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடு, கையில் அரிவாள், பிங்கி என்று பெயர் வைத்த வெள்ளைக் குதிரை, பூனைகள் மீது கொள்ளைப் பிரியம். முதல் புத்தகத்தில் வன்மம் பிடித்த ஆளாக இருப்பார், அதை வைத்து எடை போட வேண்டாம். ‘மோர்ட்’ (1987) படித்துவிட்டு ‘ரீப்பர் மேன்’ (1991) எடுங்கள். வேலை பறிபோய், திருமணமாகாத ஒரு மூதாட்டியின் பண்ணையில் அறுவடைக் கூலியாளாகச் சேர்கிறார். கதிரை ஒவ்வொரு தாளாக அறுக்கிறார், வேகமோ மற்றவர்களை மிஞ்சுகிறது. அவர் அரிவாள் தீட்டும் பகுதியை மெதுவாகப் படியுங்கள்: சாணைக்கல்லில் தொடங்கி, பட்டுத் துணி, சிலந்தி வலை என்று போய் விடியற்காலை வெளிச்சத்தில் தீட்டி முடிப்பார். கைத்தொழில் மீது எழுத்தாளருக்கு இருந்த மரியாதை அந்தப் பக்கங்களில் தெரியும். அதே நாவலில் மந்திரவாதிகளுக்கு நடக்கும் இன்னொரு கதை, வணிக வளாகம் சம்பந்தப்பட்டது, இழுவையாகத்தான் இருக்கும். வேகமாகத் தாண்டலாம்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதானால் டிஃபனி ஏக்கிங். ‘தி வீ ஃப்ரீ மென்’ (2003) நாவலில் அவளுக்கு 9 வயது. தண்ணீரிலிருந்து எழுந்த பூதத்தின் கண்கள் சூப் தட்டு அளவு என்று புத்தகத்தில் படித்ததும், வீட்டில் இருக்கும் சூப் தட்டை அளந்து எட்டு அங்குலம் என்று தெரிந்துகொள்வாள். பிறகு இனிப்புப் பையைக் கொடுத்துத் தம்பியை ஆற்றங்கரையில் உட்காரவைத்து, பூதம் எழும்பியதும் வாணலியால் ஒரே போடு. தம்பியைத் தூண்டில் புழுவாக வைக்கலாமா என்ற கேள்வி அவளையும் விடாது, கதை முடியும் வரை கூடவே வரும். அவளுக்குத் துணை வரும் நாக் மேக் ஃபீகிள்கள் ஆறு அங்குல உயரம், நீல உடம்பு, சிவப்பு முடி, குடி, திருட்டு, சண்டை. அவர்கள் பேச்சு கெட்டியான ஸ்காட்லாந்து வழக்கில் இருக்கும். கண்ணால் படித்துப் புரியாவிட்டால் வாய்விட்டுப் படியுங்கள், முக்கால்வாசி பிடிபட்டுவிடும். ஐந்து டிஃபனி நாவல்களையும் வெளிவந்த வரிசையிலேயே படிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் அவளுக்கு வயது ஏறும். கடைசியான ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’ கிரானியின் ஆறு கதைகளையும் முடித்தவர்களுக்கு மட்டும். அதன் முதல் சில அத்தியாயங்கள் மற்றவர்களுக்கு வெறும் தகவலாகப் போய்விடும்.

மோசடிக்காரன் மாய்ஸ்ட் வான் லிப்விக்கை விரும்புகிறவர்கள் ‘கோயிங் போஸ்டல்’ (2004) நாவலை நேராகவே எடுக்கலாம், முன்கதை தேவையில்லை. யார் மீதும் கை வைத்ததில்லை என்று அவன் பெருமை பேசும்போது, அவனுடைய மோசடிகளால் நொடித்துப்போனவர்களைக் கூட்டிக் கணக்குப் போட்டு, நீ 2.338 பேரைக் கொன்றிருக்கிறாய் என்று களிமண் மனிதனான கோலெம் சொல்லும் இடம் ஒன்று போதும். நகரத்தை ஆளும் வெட்டினாரியைத் தனியாகத் தேட வேண்டாம், அந்த நகரத்தில் நடக்கும் கதைகள் பலவற்றில் மாட்டுவார். அவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களின் அறையில் ஒரு கடிகாரம் உண்டு. டிக் டிக் என்பது சீராக இராது, அடுத்த டிக் எப்போது என்று காத்தே மனம் களைத்துவிடும். அவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறாரோ அவ்வளவு நன்றாக இருப்பார். 2007-ல் பிராட்செட்டுக்கு மூளை நோய் இருப்பது தெரியவந்தது. அதன் பிறகான நாவல்களில், குறிப்பாக ‘ரெய்சிங் ஸ்டீம்’ (2013) நாவலில், எல்லோருமே நீளமாகப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். வெட்டினாரிதான் அதில் அதிகம் அடிபடுகிறார்.

எந்தப் பதிப்பை வாங்குவது? அச்சுப் புத்தகம் முதல் தேர்வு. பிராட்செட்டின் அடிக்குறிப்புகளில் பாதி நகைச்சுவை இருக்கிறது. அதே பக்கத்தின் அடியில் கண்ணை இறக்கிப் படித்துவிட்டு ஏற வேண்டும். மின்னூலில் அந்தக் குறிகள் பொடியாக இருப்பதால் விரல் தவறிப் பக்கம் புரண்டுவிடும், குறிப்புகள் கடைசியில் கிடந்தால் போய்த் திரும்புவதற்குள் வேகம் போய்விடும். டெத்தின் பேச்சு மேற்கோள்குறி இல்லாமல் சிறிய தலைப்பெழுத்தில் அச்சாகும். சில மின்னூல்களில் அது முழுத் தலைப்பெழுத்தாக மாறி, கத்துவது மாதிரி ஆகிவிடுகிறது. பணம் கொடுப்பதற்கு முன் மாதிரிப் பக்கங்களை இறக்கி இந்த இரண்டையும் சோதியுங்கள். பெரும்பாலான நாவல்களில் அத்தியாயப் பிரிவே இல்லை என்பதால் நிறுத்துமிடத்தை வெற்று வரியைப் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

பழைய அட்டைப்படங்கள் ஜோஷ் கிர்பி வரைந்தவை. துள்ளலான ஓவியங்கள்தான், ஆனால் ஆட்களின் முகத்தை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடி போட்டவனுக்கு நான்கு கண் என்று எழுதியிருந்ததை நேரடியாக எடுத்துக்கொண்டு, ‘தி கலர் ஆஃப் மேஜிக்’கில் வரும் டூஃப்ளவருக்கு நிஜமாகவே நான்கு கண் வரைந்தவர். கிரானியை மருக்கிழவியாக்கிவிட்டார், கதையிலோ மரு ஒன்றுகூட இல்லையே, பல்லும் விழவில்லையே என்பதுதான் அவள் குறை. 2001-ல் கிர்பி காலமான பிறகு வந்த பால் கிட்பியின் படங்கள் எழுத்துக்கு நெருக்கமானவை.

ஒலிநூல் கேட்பவர்களுக்கு 2022-ல் தொடங்கிய புதிய பதிவுகள் நல்ல வழி. அவற்றில் அடிக்குறிப்புகளை பில் நை தனிக் குரலில் படிக்கிறார், டெத்துக்கு பீட்டர் செராஃபினோவிச் குரல் கொடுக்கிறார். அடிக்குறிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குழப்பம் இதனால் தீர்ந்துவிடுகிறது. பழைய பதிவுகளில் சுருக்கப்பட்டவையும் உண்டு. வாங்கும்போது ‘சுருக்கப்படாதது’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது நானி ஆக்கின் வம்புப் பேச்சும் பூட்ஸ் கணக்கும் மாதிரியான பகுதிகள்தான்.