சார்ஜென்ட் பெப்பர்: மோனோவா, 50-ஆம் ஆண்டு ஸ்டீரியோவா?

பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் இந்த 1967 ஆல்பத்தை வாங்க நினைப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒரே தடத்தில்; ஸ்டீரியோ என்றால் இடம், வலம் எனப் பிரிந்து கேட்கும்.

ஒலி
மோனோ: 1967-இல் பீட்டில்ஸ் கூடவே இருந்து பார்த்துப் பார்த்துச் செய்தது. இசை ஒரே கட்டியாக வந்து மோதும்.
2017 ஸ்டீரியோ: தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ், அந்த மோனோவையே வழிகாட்டியாக வைத்து, பழைய ஒலிப்பதிவுகளைப் புதிதாகக் கலந்தது. பழைய ஸ்டீரியோவில் மெதுவாக இழுத்த 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' இதில் மோனோவின் வேகத்துக்கே திரும்பிவிட்டது. தொடக்கத்து ஹார்ப் மீட்டலைக் கேட்டாலே வித்தியாசம் புரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செலவு
மோனோ: நல்ல நிலையிலுள்ள பழைய இசைத்தட்டு என்றால் விலை எகிறும்.
2017: ஸ்ட்ரீமிங்கிலேயே கிடைக்கிறது.

ஹெட்போனில் கேட்பவரா? சரி, யோசிக்காமல் 2017. வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் இருந்து, அன்றைய ரசிகர்கள் கேட்டதையே கேட்க ஆசை என்றால் மோனோதான்.