அல்சூர் கர்ப்பிணிகள் உடற்பயிற்சி வகுப்பு: சேரலாம், தலையணையோடு போங்கள்

பெங்களூரு அல்சூரில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், இரண்டாவது மாடியில் நடக்கிறது. வாரம் மூன்று நாள், காலையில் 50 நிமிடம். தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிச் சொல்லித்தருகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. வகுப்புக் கணக்கு சரியாக அங்கே வந்து நிற்கிறது. ஆனால் கடைசியில் படுத்து ஓய்வெடுக்கும் நேரத்தைக் கழித்தால் 120தான் தேறும். மீதியை நடையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பணம் வாங்கும் முன்பே டாக்டர் கடிதம் கேட்கிறார்கள். நஞ்சுக்கொடி (பிளசென்டா) கீழே இறங்கியிருக்கிறதா, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறதா, பி.பி. ஏறியிருக்கிறதா, உதிரம் பட்டதா, பனிக்குட நீர் கசிந்ததா, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று வரிசையாகக் கேள்வி. ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும், டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். "யோகாதானே, யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்று எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் இடங்களுக்கு நடுவில் இது பெரிய விஷயம்.

கையில் கட்டியிருக்கும் வாட்சைப் பார்க்க வேண்டாம் என்கிறார் ஆசிரியை. சும்மா உட்கார்ந்திருந்தாலே இந்தச் சமயத்தில் நாடித்துடிப்பு கூடியிருக்கும், அந்த எண்ணை நம்ப முடியாது. அதற்குப் பதில், தாழ்ந்த பலகையில் ஏறி இறங்கும்போது நேற்று வைத்த குழம்பை எப்படி வைத்தீர்கள் என்று கேட்கிறார். பதில் தடங்கலில்லாமல் வந்தால் சரி. "புளி... கரைச்சு..." என்று திணறினால் வேகம் அதிகம்.

நாற்காலியை வைத்துச் செய்யும் குந்துப் பயிற்சி நேர்த்தி. கால்கள் தோளைவிடச் சற்று அகலம், நாற்காலி நுனியைத் தொட்டு எழ வேண்டும், எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். பத்துப் பத்தாக இரண்டு தடவை. மூச்சை அடக்கினால் பி.பி. ஏறும், கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசையிலும் அழுத்தம் விழும். அந்தத் தசைக்கென்றே தனிப் பயிற்சியும் உண்டு: 5 விநாடி இறுக்கம், 5 விநாடி தளர்வு, பத்து முறை. புட்டத்தை இறுக்கிவிட்டு இதைச் செய்ததாக நினைப்பவர்கள்தான் அதிகம். அதை ஆசிரியை ஒவ்வொருவராகப் பார்த்துத் திருத்துகிறார்.

கோளாறு கடைசிப் பத்து நிமிடத்தில். எல்லாரையும் மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள், ஏழு மாதக்காரர்களையும் சேர்த்து. ஐந்து மாதத்துக்கு மேல் கர்ப்பப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய சிரையை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து கண் இருட்டும், வியர்க்கும். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துப் படுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஆனால் பன்னிரண்டு பேருக்கு இருப்பது நாலே தலையணை.

நீட்சிப் பயிற்சியில் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பதையும் காதில் வாங்காதீர்கள். ஹார்மோனால் மூட்டுநார்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். ஒற்றைக்காலில் நிற்கும்போது அடிவயிற்று எலும்பில் வலித்தால் அந்தப் பயிற்சியையே விட்டுவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் அந்த ஒற்றை மின்விசிறி போதாது, ஜன்னலோரம் இடம் பிடியுங்கள்.

உதிரப்போக்கு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வலி, நெஞ்சுவலி, தலைசுற்றல், கெண்டைக்கால் வீக்கம் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில் மட்டும். பேசுவது இரண்டு மொழியில், உயிர் போகிற விஷயம் மூன்றாவது மொழியிலா?

லிஃப்ட் கிடையாது. படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி. வயிறு முன்தள்ளிய பிறகு படி கண்ணுக்குத் தெரியாது, இறங்கும்போது அந்தப் பக்கமாகவே வாருங்கள்.