மதுரையில் மருமகனுக்கு நியூரோஃபீட்பேக்: கூடப் போய்ப் பார்த்தது

போன ஆகஸ்டில் மூன்று வார விடுப்பில் மதுரைக்குப் போயிருந்தேன். லண்டன் பக்கம் ஹாரோவில் குடியேறிப் பதினாறு வருஷம் ஆகிறது. ஊருக்குப் போனால் பல் டாக்டர், மூக்குக் கண்ணாடி, அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை என்று வரிசையாக முடித்துவிட்டு வருவது வழக்கம். இந்த முறை பாதி நாள் மருமகன் விஷயத்திலேயே போனது.

தங்கச்சி மகனுக்கு ஒன்பது வயது. ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த பிரச்சினை என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே மனநல மருத்துவர் சொல்லி, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் இறங்கிய அன்று ராத்திரியே தங்கச்சி சொன்னாள்: "அண்ணே, மாத்திரைய நிறுத்திட்டோம். இப்ப மெஷின்லயே சரி பண்றாங்க."

அந்த மெஷின்தான் நியூரோஃபீட்பேக்: மூளை அலையைத் திரையில் காட்டி, அதை மாற்றப் பழக்கும் பயிற்சி. மறுநாள் சாயங்காலம் நானும் கூடப் போனேன்.

மையத்தின் பெயர் வேண்டாம். குளிர்சாதன அறை, சுத்தமான இடம், குறித்த நேரத்துக்கு உள்ளே கூப்பிட்டார்கள். 40 அமர்வுக்கு 48,000 ரூபாய். முழுப் பணமும் முதலிலேயே கட்டியாயிற்று. ஆரம்பத்தில் 'பிரைன் மேப்பிங்' என்று மண்டைப் படத்தைச் சிவப்பும் நீலமுமாக அச்சடித்துக் கொடுத்து, சிவப்பைத் தொட்டுக் காட்டி "இங்கதான் கோளாறு" என்றிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைத் தங்கச்சி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் வாடுகிறது. எனக்கு முதலில் வலித்தது அதுதான். அப்படி ஒரு வண்ணப் படத்தை மட்டும் வைத்து ஏடிஹெச்டி உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிள்ளை வீட்டிலும் வகுப்பிலும் எப்படி இருக்கிறான் என்று பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்டு, அவனோடு பேசிப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார்.

அமர்வு நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். உச்சந்தலையில் பசை தடவி ஒரு மின்முனை, காதில் இரண்டு கிளிப். எதிரே திரையில் ஒரு கார். மூளையின் மின் அலைகளைக் கணினி படித்துக்கொண்டே இருக்கிறது. மந்தமான தீட்டா அலை, அதாவது நொடிக்கு 4 முதல் 8 துடிப்பு, குறைந்து, வேகமான பீட்டா அலை கூடினால் கார் ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும். பிள்ளைக்கு வலி எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். முக்கால் மணி நேரமும் அவனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அப்படித்தான் தங்கம், கார் போகுது பாரு" என்று ஒவ்வொரு தடவையும் தட்டிக்கொடுத்தது. அந்தப் பொறுமையை நான் மனசாரப் பாராட்டுகிறேன்.

பொறுப்பாளர் எனக்குப் பூனைக் கதை சொன்னார். கதை உண்மைதான். 1960களில் கலிஃபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்ற மூளை ஆய்வாளர் பூனைகளுக்கு 12 முதல் 15 துடிப்பு வரையுள்ள அலையை வரவழைக்கப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளின் நச்சைச் சோதிக்கும்போது, பழக்கிய பூனைகள் மற்றவற்றைவிட வலிப்பைத் தாக்குப்பிடித்தன. ஆனால் பூனையின் வலிப்புக்கும் மருமகனின் கணக்கு நோட்டுக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. "பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன?" என்று கேட்டேன். "ரிசல்ட்டை நீங்களே பாப்பீங்க சார்" என்றார். "மாத்திரையை நிறுத்தச் சொன்னது எந்த டாக்டர்?" என்றேன். அதற்குப் பதிலே வரவில்லை. அங்கே மனநல மருத்துவர் யாரும் இல்லை.

அன்று ராத்திரி மொட்டைமாடியில் தங்கச்சியையும் மச்சானையும் உட்காரவைத்துப் பேசினேன். அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுக்குள் 144 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2021இல் வெளியானது. ஒரு பிரிவுக்குத் தங்கள் மூளை அலையே திரையை ஓட்டியது. இன்னொரு பிரிவுக்கு ஓடியது, வேறொரு பிள்ளையிடம் முன்பே பதிந்து வைத்த அலை. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. 38 அமர்வு முடிந்து பார்த்தால் இரண்டு பிரிவுமே நன்றாகத் தேறியிருந்தன. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

மச்சான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இவன் வீட்ல அமைதியானதெல்லாம் பொய்யா?" என்றார். பொய்யில்லை. கடை வேலையை விட்டுவிட்டு வாரம் மூன்று நாள் அவரே வண்டியில் கூட்டிப்போகிறார். வழியில் இருவரும் பேசிக்கொண்டே போகிறார்கள். அங்கே அந்தப் பெண் முக்கால் மணி நேரம் திட்டாமல், பாராட்டிக்கொண்டே பக்கத்தில் இருக்கிறார். அவனை அமைதியாக்கியது இதுதான் என்று நான் நம்புகிறேன். என் மகளுக்கு ஹாரோவில் ஏடிஹெச்டி மதிப்பீட்டுக்கே இரண்டு வருஷம் காத்திருந்தபோது, பெற்றோர் பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய இதையேதான். மாத்திரையை நிறுத்தியதில் பள்ளிக்கூடத்தில் மட்டும் அவன் பின்தங்கிப்போயிருந்தான். டைரி முழுக்க சிவப்பு மை.

அந்த வாரமே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கிக் காத்திருந்தோம். கூட்டம் நெரிந்தது, உட்கார இடமில்லை. ஆனால் டாக்டரம்மா அவசரப்படவில்லை. பள்ளி டைரியைப் புரட்டிப் பார்த்தார், அவனிடம் தனியாகப் பேசினார், பழைய மருந்துச்சீட்டைக் கேட்டு வாங்கினார். ஏடிஹெச்டிக்கான மாத்திரையான மெத்தில்ஃபெனிடேட்டைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கச் சொல்லி, எடையும் பசியும் எப்படி என்று மாதம் ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். அந்த மருந்து எல்லாக் கடையிலும் கிடைக்காது. மூன்று கடை ஏறி இறங்கினோம். டாக்டரைப் பார்த்ததற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

நியூரோஃபீட்பேக்கே வீண் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் தலைக்காயம் பட்டவர்களின் நினைவாற்றலுக்கு இதை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். ஊரில் யாராவது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால், நடத்துபவருக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால், எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416க்குப் போன் போடலாம். டெலிமானஸ், அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண்; தமிழிலேயே பேசுகிறார்கள்.

மிச்சம் 22 அமர்வுக்கான பணத்தைக் கேட்டோம். தர மாட்டோம் என்றுவிட்டார்கள். மச்சான் கடையை முன்போலவே அந்த மூன்று சாயங்காலமும் ஆளிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிறார். இப்போது இருவரும் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறார்கள். நான் கிளம்புகிற நாள் காலையில் மருமகன் வந்து கேட்டான்: "மாமா, அந்தப் பூனைக்கெல்லாம் பரிசா என்ன குடுத்தாங்க?" பால் என்றேன்.