பேஸ் கிட்டார் கம்பி: ரவுண்டா, பிளாட்டா?

நாலு கம்பி பேஸுக்குப் புது செட் கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் 45–105 (கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) நிக்கல் ரவுண்ட்வுண்டைத்தான், அதாவது உருண்டைக் கம்பி சுற்றியதைத்தான், எடுத்து நீட்டுவார். கோவையிலும் சேலத்திலும் எளிதாகக் கிடைப்பது அதுதான். தட்டை நாடா சுற்றிய பிளாட்வுண்ட் வேண்டுமென்றால் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். விலையும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்படியிருந்தும் இந்தப் பக்கத்து மேடைகளில் மெல்லிசை வாசிப்பவருக்கு பிளாட்தான் ஏற்றது என்பது என் முடிவு. தொனியை விடப் பராமரிப்புதான் அதற்கு முதல் காரணம்.

தொனியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரவுண்ட் பளிச்சென்று ஒலிக்கும், நீண்டு நிற்கும். பிளாட் தும்மென்று விழுந்து சட்டென்று அடங்கும். தபேலா, டோலக்கோடு மோதாமல் கலக்கும். கட்டைவிரலால் கம்பியைத் தட்டி ஸ்லாப் அடிப்பவரும் பிக் வைத்து ராக் வாசிப்பவரும் ரவுண்டை விட்டு வரவே வேண்டாம். எஃகு ரவுண்ட் இன்னும் கூர்மையாகப் பேசும், ஆனால் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) வேகமாகத் தேய்க்கும். நைலான் சுற்றிய கம்பி நின்று வாசிக்கும் டபுள் பேஸின் சாயலைத் தரும், தேவைப்படுபவர் குறைவு.

இனி வியர்வைக்கு வருவோம். ரவுண்டில் எஃகு நடுக்கம்பியின் மேல் உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு பள்ளம். பங்குனியில் ஈரோடு, கோபி பக்கம் மாரியம்மன் பண்டிகைக் கச்சேரி என்றால், ராத்திரி மூன்று நான்கு மணி நேரம் கை காயாது. அந்த உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் மேடைப் புழுதியும் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். எல்லாவற்றிலும் தடித்த ஈ கம்பியின் அடிப்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், சுற்றுக்குச் சுற்று கறுப்பாக மை அப்பியது போல இருக்கும். அழுக்கு ஒரே சீராகப் படியாததால் கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறுகிறது. முதலில் மேல் ஒலி செத்துப்போகும். பிறகு எங்கும் அழுத்தாத வெறும் கம்பியில் சுதி சரியாக இருந்தும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சேராது. பலரும் இதைக் கிட்டாரின் குறை என்று நினைத்து, கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

துடைத்தால் போதாதா என்றால், போதாது. திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி மேல்பூச்சைத்தான் எடுக்கும், பள்ளத்துக்குள் நுழையாது. போதாக்குறைக்குப் பஞ்சும் மாட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் வெந்நீரில் கொதிக்கவைத்தால் பளிச்சொலி திரும்பும், ஆனால் சில நாளுக்குத்தான். உள்ளே ஈரம் தங்கினால் துரு பிடிக்கும். அதைவிட, ஒரு முனை மூடிய குழாயில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து உலர்த்துவது மேல். தீப்பிடிக்கும் திரவம் என்பதால் அடுப்பங்கரை ஆகாது. அப்படிச் செய்தாலும் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும், சுதி முறுக்கும் பெக்கில் சுற்றிய இடம் நொந்துகொண்டே வரும்.

பிளாட்டில் மேலே சுற்றியிருப்பது தட்டை நாடா. இடுக்கே இல்லாத அளவுக்கு நெருக்கம். அழுக்கு தங்க இடமில்லை, அதே பனியன் துணியால் நெடுக ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. முதல் ஒன்றிரண்டு வாரம் விரலில் சற்று ஒட்டும், தொனியும் கொஞ்சம் மினுக்கும். அது அடங்கிய பிறகு ஆண்டுக்கணக்கில் அதே தொனிதான். 1960களில் அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் போட்டிருந்த கனமான லா பெல்லா பிளாட்டை, அறுந்தால் ஒழிய மாற்றியதில்லை.

மாதம் ஏழெட்டு மேடை ஏறும் கையில் ரவுண்ட் இரண்டு மாதம் தெளிவாக நின்றால் பெரிது. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு ஆறு செட். இரட்டை விலை கொடுத்த பிளாட் நான்கு மாதத்தில் தன் விலையை ஈட்டிவிடும். வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கும் கை வியர்க்காதவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

மெல்லிய பூச்சு பூசிய ரவுண்ட் நடுவழி. பளிச்சொலியும் இருக்கும், பள்ளமும் மூடியிருக்கும். விலை பிளாட்டை எட்டும். மீட்டும் இடத்தில் பூச்சு மயிர் மயிராகப் பிரிய ஆரம்பித்தால் நிறுத்த வழியில்லை. இதில் என் பழக்கம் குறைவு, அடித்துச் சொல்ல மாட்டேன்.

ரவுண்டிலிருந்து பிளாட்டுக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. பல பிளாட் செட்டுகளில் இழுவிசை அதிகம். அதனால் கழுத்து முன்னால் வளைந்து கம்பி உயரும். முதல் முறைக்கு 45–100 போதும். டடாரியோ குரோம்ஸ் என்ற பிளாட் செட் அந்த அளவில் வருகிறது. 52–110 வாங்கினால் நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பி அமரும் பட்டையின்) பள்ளத்தில் உட்காராமல் போகலாம். அழுத்தித் திணித்தால் சுதி சேர்க்கும்போது டிக் டிக்கென்று தாவும். அளவான அரம் இல்லாமல் ஹேக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள்.

ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். பெக்கைத் தாண்டி நாலைந்து அங்குலம் விட்டு, முதலில் செங்குத்தாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல் சுற்று நடுக்கம்பியை விட்டு நழுவும், அந்தக் கம்பி அதோடு ஊமை. கீழ்நோக்கி இரண்டு மூன்று சுற்று போதும். நுனியில் உள்ள பட்டு நூல் நட்டின் மேல் ஏறக் கூடாது. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 30 அங்குலம் உள்ள பேஸுக்கு 34 அங்குல செட் வாங்கினால் தடித்த பகுதியே பெக்கில் சுற்றி நாடா பிளக்கும். கம்பியைக் கட்டையின் உடலுக்குள் நுழைத்து மாட்டும் கிட்டாரில் பிரிட்ஜ் வழியாகவும் மாட்ட இடமிருந்தால் பிளாட்டை அங்கே போடுங்கள். கூர்மையான மடிப்பை அது தாங்காது.

சுதி சேர்த்து ஒரு நாள் விட்டு, ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, 0.3 மி.மீ. சுமார், சரி. கூடுதலாக இருந்தால் கம்பியைச் சற்றுத் தளர்த்திவிட்டு, கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற கம்பியை வலப்பக்கம் கால் சுற்று திருப்புங்கள். மறுநாள் பார்த்துத்தான் அடுத்த கால் சுற்று. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுதி ஏறி ஒலித்தால், பிரிட்ஜில் அந்தக் கம்பி அமரும் சேடிலைக் கழுத்தை விட்டுத் தள்ளுங்கள். இறங்கினால் கழுத்துப் பக்கம் கொண்டுவாருங்கள். மேடையில் ஒலி மங்கலாகத் தோன்றினால் ட்ரெபிளை ஏற்றாமல், ஆம்ப்பில் 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். கழற்றிய ரவுண்ட் செட்டைச் சுருட்டிப் பெட்டியில் வையுங்கள். வெளியூரில் கம்பி அறுந்தால் அந்த ராத்திரியில் பிளாட் கிடைக்காது.