கல்யாண மண்டப வாசலில் மெட்டல் டிடெக்டர் கேட்: எட்டு வருஷம் வைத்துப் பார்த்ததில்

கோவையில் ஒரு கல்யாண மண்டபத்தின் நிர்வாகம் என் பொறுப்பு. மேலே ஆயிரத்து இருநூறு பேர் உட்காரும் ஹால், கீழே பந்தி. முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஜவுளிக் கண்காட்சி, கம்பெனி மீட்டிங், எப்போதாவது கட்சிக் கூட்டம். 2017-இல் இரண்டு மெட்டல் டிடெக்டர் கேட் வாங்கினோம். 2021-இல் இரண்டையும் கழற்றிவிட்டு வேறு இரண்டு வைத்தோம். பழசில் ஒன்று உதிரிபாகங்களாகப் பிரிந்துபோனது, இன்னொன்று குடோனில் நிற்கிறது. எங்கே எந்த பிராண்ட் என்று நான் சொல்லப்போவதில்லை. எங்களுக்கு வந்த தொல்லைகளில் பாதிக்கும் மேல் மெஷினால் வந்தவையே அல்ல.

1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பைப் பார்த்த ஊர் இது. வாசலில் நிறுத்திச் சோதித்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பதில்லை. "கல்யாணத்துக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அதற்கப்புறம் பிறந்தவர்கள்.

முதல் முறை வாங்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், மூன்று பேரும் எத்தனை ஜோன் என்பதிலேயே நின்றார்கள். ஆறு ஜோன், பதினெட்டு ஜோன், முப்பத்து மூன்று ஜோன். விலை குறைவாக இருந்த ஆறு ஜோனை எடுத்தோம். ஆறு ஜோன் என்றால் தலை முதல் கால் வரை உயரத்தை ஆறாகப் பிரித்திருக்கிறார்கள், எந்த உயரத்தில் உலோகம் இருக்கிறதோ அங்கே விளக்கு எரியும், அவ்வளவுதான். முப்பத்து மூன்று என்றால் பெரும்பாலும் பதினொரு உயரம், ஒவ்வொன்றிலும் இடம், நடு, வலம். விளக்கு எண்ணிக்கை கூடினால் மெஷினின் மூளையும் கூடும் என்று நான் அப்போது நம்பினேன். அது உண்மையில்லை. மலிவு மெஷினில் முப்பத்து மூன்று விளக்கு இருந்தாலும், இடுப்பில் பெல்ட் இருந்தால் பக்கத்திலுள்ள நாலு விளக்கும் சேர்ந்தே எரியும்.

கேட்டுக்குள் நடப்பது எளிமையான சங்கதி. ஒரு தூணில் இருக்கும் கம்பிச்சுருள் விநாடிக்குப் பலநூறு முறை காந்தத் துடிப்பை அனுப்புகிறது. நடுவில் உலோகம் வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அது அடங்குவதை எதிர்த்தூண் கவனித்துக்கொண்டிருக்கும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். அதாவது செம்பு, வெள்ளி, தங்கம். காந்தம் ஒட்டாத ரக எவர்சில்வரைப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். ஒரு கல்யாண வீட்டு வாசலுக்கு இதைவிடப் பொருந்தாத குணம் இருக்க முடியுமா? நாங்கள் தேடாத ஒட்டியாணத்துக்குக் கேட் கூப்பாடு போடும், தேடுகிற மெல்லிய எவர்சில்வர் கத்திக்கு யோசிக்கும்.

முதல் பெரிய முகூர்த்தம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. காலை ஆறு மணி. பொண்ணு வீட்டு வேன் வந்து நின்றது. நாற்பது பெண்கள், நாற்பது பேரும் நகையோடு. கேட் நிற்காமல் கத்தியது. வளையல், ஆரம், கொலுசு, மெட்டி, பையன்களின் இடுப்பில் வெள்ளி அரைஞாண். எங்கள் செக்யூரிட்டி, ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், முதல் பத்துப் பேரை ஹேண்ட் டிடெக்டரால் ஒழுங்காகப் பார்த்தார். அப்புறம் வரிசை ரோடு வரை போய்விட்டது. தாய்மாமன் ஒருவர் வந்து, "ஏனுங்க, முகூர்த்த நேரம் போயிரும் போலிருக்குதே" என்றார். அதோடு சோதனை முடிந்தது. கேட் கத்திக்கொண்டே இருந்தது, எல்லோரும் உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள்.

மால் வாசல்களில், ரயில்வே ஸ்டேஷன்களில் நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். மும்பைத் தாக்குதல் நடந்த 2008-க்கு அப்புறம் எல்லா இடத்திலும் கேட் வந்துவிட்டது. கத்தும்போது யாராவது நிமிர்ந்து பார்க்கிறார்களா என்று கவனியுங்கள்.

எங்கள் மண்டபத்தில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் கேட் சமர்த்தாக, அமைதியாக இருந்தது. எனக்கு சந்தேகம் வந்தது. மெனுவைத் திறந்து பார்த்தால் சென்சிட்டிவிட்டி நூறுக்குப் பதினைந்தில் கிடந்தது. சத்தம் தாங்காமல் இரவு ஷிஃப்ட்டில் யாரோ குறைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு எப்படித் தெரியும் என்று கேட்டால், கேட்டை மாட்டிக்கொடுத்தவர் அதை ஒரு சீட்டில் எழுதி மேல்பெட்டிக்குப் பின்னால் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் கம்பெனியில் இருந்து வந்த அதே பாஸ்வேர்டு. நான் யாரையும் திட்டவில்லை. பன்னிரண்டு மணிநேரம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது போலீஸ்காரர்களிடம். ஒரு கல்யாணத்துக்கு அமைச்சர் வந்தார். வெடிகுண்டுப் பிரிவினர் தங்கள் கேட்டையே வேனில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆட்களை விடுவதற்கு முன்னால் ஒரு காவலர் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள், இடுப்பின் முன்பக்கம், முதுகுப்பக்கம், கடைசியில் கணுக்காலில் என்று மாற்றி மாற்றி வைத்து, இருபது தடவையாவது நடந்தார். இடது தூணை ஒட்டி, நடுவில், வலது தூணை ஒட்டி. நடுவில் நடப்பது ஏன் முக்கியம் என்று கேட்டேன். "ரெண்டு தூணுக்கும் தூரமா இருக்கிற இடம் அதுதானே சார்" என்றார்.

மறுநாள் சமையல்கட்டில் இருந்து ஒரு காய் நறுக்கும் கத்தியை வாங்கி, துணி சுற்றி, என் கணுக்காலில் கட்டிக்கொண்டு எங்கள் கேட்டில் நடந்தேன். இடுப்பில் வைத்தபோது கத்தியது. கணுக்காலில் நின்ற வாக்கில் கட்டியபோது ஒரு சத்தமும் இல்லை. கத்தியைப் படுக்கை வாட்டில் திருப்பினால் சில தடவை மட்டும் கத்தியது. மாட்டியவரைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வாசல் தரை கிரானைட், அதற்கு அடியில் கான்கிரீட், அதற்குள் இரும்புக் கம்பி. தரைக் கம்பி தொந்தரவு செய்ததால் கீழ் ஜோனை அவர் கிட்டத்தட்ட மூடி வைத்திருக்கிறார். ஒரு வருஷமாக முழங்காலுக்குக் கீழே எங்களுக்குச் சோதனையே கிடையாது. கேட்டை நாலடி முன்னால் தள்ளி, கம்பி இல்லாத பேவர் பிளாக் தரைக்குக் கொண்டுபோன பிறகு கீழ் ஜோனை மறுபடி திறக்க முடிந்தது.

இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதை ஆடி மாசம் இன்னொரு முறை காட்டியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊருக்குப் புதிதில்லை. இரண்டாவது கேட்டுக்கு இரண்டடி பின்னால் ரோலிங் ஷட்டர். காற்றில் ஷட்டர் அதிர்ந்தால், ஆளே இல்லாமல் கேட் ராத்திரி முழுக்கக் கத்தும். பேய் என்று வாட்ச்மேன் சொன்னதை நான் சிரித்துக்கொண்டே கேட்டேன், ஆனால் அந்தக் காரணம் பிடிபட எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அசையாத இரும்பு பக்கத்தில் இருந்தால் மெஷின் ஓரளவு பழகிக்கொள்ளும். அசையும் இரும்பு, லிஃப்ட், ஷட்டர், இரும்புக் கதவு, தள்ளுவண்டி இதெல்லாம் தள்ளி இருக்க வேண்டும். நான் இப்போது ஆறடிக்குக் குறைந்து விடுவதில்லை. தூண்களைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குவதும் கட்டாயம், கேட்டே ஆடினாலும் கத்தும். இரண்டு கேட்டை ஒட்டி வைத்தால் ஒன்றின் துடிப்பு இன்னொன்றில் விழும். இரண்டுக்கும் சேனலை, அதாவது துடிப்பின் அலைவரிசையை, மாற்றி வைக்கத் தெரிந்த ஆள்தான் மாட்ட வேண்டும்.

அலங்காரக்காரர் கதையையும் சொல்லியாக வேண்டும். ஒரு ரிசப்ஷனுக்கு வாசலை அழகு செய்கிறேன் என்று எங்கள் கேட்டையே தோரணக் காலாக வைத்து, இரும்புக் கம்பி ஆர்ச் வளைத்து, பூ சுற்றி, மேலே சீரியல் செட் லைட்டும் போட்டுவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கேட் முழு இரவும் ஒரே ராகத்தில் பாடியது. இப்போது மண்டப வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கிறது, கேட்டைத் தொடக்கூடாது என்று.

2021-இல் வாங்கும்போது நான் முதலில் எழுதி வைத்துக்கொண்டது, எதைப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான். கல்யாணத்தில் கைத்துப்பாக்கி, அரிவாள், பெரிய கத்தி. கட்சிக் கூட்டமென்றால் அதைவிடச் சின்னப் பொருளும். பிளேடு, ஊசி வரை பிடிக்க நாங்கள் ஜெயில் நடத்தவில்லை. அமெரிக்காவின் என்.ஐ.ஜே. என்ற அமைப்பு 2003-இல் வெளியிட்ட 0601.02 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. அது துப்பாக்கி அளவு, கத்தி அளவு, கைவிலங்குச் சாவி மாதிரிச் சின்னப் பொருள் அளவு என்று மூன்றாகப் பிரிக்கிறது. விற்க வந்தவரிடம் இந்த எண்ணைச் சொல்லி, எந்த அளவுக்குச் சோதித்த அறிக்கை இருக்கிறது என்று கேட்டால் போதும். நாலு பேரில் இரண்டு பேர் அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை.

இப்போது இருப்பவை பதினெட்டு ஜோன். இடது இடுப்பில் விளக்கு எரிந்தால் செக்யூரிட்டி ஹேண்ட் டிடெக்டரை நேராக அங்கே கொண்டுபோகிறார், ஆள் முழுக்கத் தடவ வேண்டியதில்லை. அந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் விலை சரி என்பேன். முப்பத்து மூன்று எங்களுக்குத் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்கு ஒரு செட்டிங், கூட்டத்துக்கு ஒரு செட்டிங் என்று சேமித்து வைத்திருக்கிறோம். பாஸ்வேர்டு என்னிடமும் செக்யூரிட்டி மேற்பார்வையாளரிடமும் மட்டும். தினமும் காலையில் ஒரே இரும்புத் துண்டை ஒரே மூன்று உயரத்தில் வைத்து நடந்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

செல்போனுக்கும் சாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு வைத்தோம். இது மெஷினைவிடப் பெரிய முன்னேற்றம். பையோடு யாரையும் கேட்டில் விடுவதில்லை, பை பக்கத்து மேஜைக்கு. விளம்பரத் தாளில் நிமிஷத்துக்கு அறுபது பேர் என்று போட்டிருப்பார்கள். நடந்துபோக மட்டும் என்றால் போகலாம். தட்டில் போட்டு, எடுத்து, கத்தினவரைப் பார்த்து அனுப்பினால் எங்களுக்கு ஒரு கேட்டில் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர்தான். சாயங்காலம் ஏழு மணி ரிசப்ஷனுக்கு அறுநூறு பேர் ஒரு மணிநேரத்தில் வருவார்கள். எத்தனை கேட் வேண்டும் என்பதை அந்தக் கணக்கில் போடுங்கள்.

நகைப் பிரச்சினைக்கு எந்த மெஷினும் தீர்வு தரவில்லை. பெண்களுக்குத் தனி வரிசை, திரை போட்ட ஒரு சின்ன இடம், அங்கே பெண் செக்யூரிட்டி இரண்டு பேர். அவர்கள் பார்க்கும் பார்வைதான் அங்கே சோதனை.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கேட்கும்போது நாங்கள் பக்கவழியில் விட்டுவிடுகிறோம். சாதாரணமாக நடந்து கடந்தால் ஒன்றும் ஆகாது, கேட்டில் சாய்ந்து நிற்பதும், ஹேண்ட் டிடெக்டரை நெஞ்சுக்கு மேல் பிடிப்பதும்தான் கூடாது. கர்ப்பிணிகள் எக்ஸ்ரே என்று பயப்படுகிறார்கள். இது எக்ஸ்ரே இல்லை, வெறும் காந்தப் புலம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்த தாத்தா பாட்டிகள் எப்படியும் கத்த வைப்பார்கள். முழங்கால் விளக்கு எரிந்ததும் அவர்களே சேலையை, வேட்டியை லேசாகத் தூக்கித் தழும்பைக் காட்டிவிடுகிறார்கள், நாம் கேட்கவே வேண்டாம்.

போன வருஷம் ஒருவர் வந்து, ஏஐ கேட் இருக்கிறது, போனை வெளியே எடுக்காமலே நடக்கலாம், ஆயுதத்தை மட்டும் பிடிக்கும் என்றார். கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் எவால்வ் என்ற நிறுவனம் இதே மாதிரி சொல்லிப் பள்ளிகளுக்கு விற்றதையும், அதன் விளம்பர வாக்குறுதிகளுக்காக 2024 நவம்பரில் அங்குள்ள மத்திய வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்ததையும் படித்திருந்தேன். எங்கள் காய் நறுக்கும் கத்தியை எடுத்து, "இதைக் கட்டிக்கிட்டு நடக்கிறேன், சரிங்களா?" என்றேன். டெமோ மெஷின் சென்னையில் இருக்கிறது என்றார். சரி, வரட்டும்.

எதிர்பாராத லாபம் ஒன்று, கேட்டில் இருக்கும் ஆள் எண்ணும் கவுண்டர். பந்தியில் எத்தனை இலை என்று கேட்டரிங்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் தகராறு வந்தால் இரண்டு பேரும் கேட்டைப் பார்க்க வருகிறார்கள். குழந்தைகள் விளக்கு எரிவதைப் பார்க்கப் பத்துத் தடவை ஓடியதும் அதில் சேர்ந்திருக்கும் என்று நான் இரண்டு பேரிடமும் சொல்லிவிடுகிறேன்.

செலவில் யாரும் சொல்லாதது யுபிஎஸ். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கேட் அணைந்து, திரும்ப எழுந்து தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை அழைப்பு வரும். ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது வந்து துடைத்துவிட்டுப் போவதற்குப் பணம் தராதீர்கள், பத்து இடத்தில் வைத்து நடந்து காட்டிக் கையெழுத்து வாங்கட்டும். எங்கள் பழைய கம்பெனியின் ஆள் மழைக்காலத்தில் அடித்தூணில் தண்ணீர் புகுந்ததைக்கூடப் பார்க்காமல் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதினார். திறந்தவெளி வாசல் என்றால் தண்ணீர் புகாத ரகத்தையே வாங்குங்கள், தூசி, தண்ணீர்த் தடுப்பைச் சொல்லும் ஐபி எண் 55-க்குக் குறையாமல்.

அடுத்த தை மாசத்துக்குள் பின்வாசலுக்கு மூன்றாவது வாங்க வேண்டும். இந்த முறை கண்டிஷன் ஒன்றுதான், மெஷினைக் கொண்டுவந்து ஒரு முகூர்த்தம் முழுக்க எங்கள் வாசலில் ஓட்டிக் காட்ட வேண்டும். குடோனில் நிற்கும் பழைய ஆறு ஜோனை அந்த அலங்காரக்காரர் கேட்டிருக்கிறார், ஆர்ச்சுக்குக் கால் சரியாக இருக்குமாம். விலை இன்னும் படியவில்லை.