பிளைத்பர்க் தேவாலயம்: ஒரு பழைய மரச்சாமான் வியாபாரி பார்த்தது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் விற்கிறேன், முப்பது வருடமாக. இடிக்கிற வீட்டு நிலை, தூண், உத்திரம் எல்லாம் கடைக்கு வரும். அதனால் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன். இங்கிலாந்தில் இப்ஸ்விச்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை, “மாமா, உங்களுக்கென்றே ஒரு இடம் இருக்கிறது” என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். எழுத்தில் பிளைத்பர்க், அந்த ஊர்க்காரர்கள் வாயில் பிளைப்ரா.

சதுப்பு நிலத்து ஓரம் சின்ன ஊர், அதில் ஊருக்குப் பொருந்தாத அளவில் 15ஆம் நூற்றாண்டுக் கோயில். வெளிச்சுவரில் சக்கிமுக்கிக் கல். உள்ளே நல்ல வெளிச்சம். நடுக்கூடத்துச் சுவரில், இரு பக்கத் தாழ்வாரங்களின் கூரைக்கும் மேலே, வரிசையாக ஜன்னல். நம் வீட்டில் முற்றம் செய்கிற வேலையை அங்கே இந்த ஜன்னல்கள் செய்கின்றன. அந்தக் குளிரில் வானத்தைத் திறந்துவிட முடியுமா?

அப்புறம் கூரை. உத்திரங்களின் நடுவே, முதுகோடு முதுகு ஒட்டி இரண்டிரண்டாக, சிறகு விரித்த சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள். எல்லாம் மரம். 12 மிச்சம். உத்திரத்தில் வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்பும் பச்சையுமாகப் பூ எழுதியிருக்கிறார்கள். மங்கிவிட்டது, ஆனால் மேலே யாரும் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை. பர்மா தேக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மெருகில்லாத மரம் முதலில் சப்பென்று இருந்தது. பத்து நிமிடத்தில் பிடித்துப்போனது.

அந்தச் சம்மனசுகளில் ஈயக் குண்டுகள் இருந்தனவாம். 1644இல் உருவங்களை ஒழிக்க வந்த வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் சுட்டது என்று ரொம்ப நாள் பழி போட்டிருந்தார்கள். பழுதுபார்த்தபோது எடுத்துப் பார்த்தால், குண்டு 18ஆம் நூற்றாண்டு வகை. கூரைக்குள் அடைந்த சின்னக் காக்கைகளைச் சுட்டிருக்கிறார்கள். நம் பூட்டிய வீடுகளில் வவ்வால் அடைவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பெஞ்சுகளை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை. ஒவ்வொரு முனையிலும் ஒரு உருவம்: படுக்கையில் எழுந்து உட்கார்ந்த சோம்பேறி, தொப்பை தள்ளிய பெருந்தீனிக்காரன், தண்டனையாகக் கால்கட்டையில் மாட்டிய குடிகாரன், பணப்பெட்டி மேல் உட்கார்ந்த கருமி. அந்தப் பெட்டிக்கு மனதுக்குள் விலையே போட்டுவிட்டேன், பழக்கதோஷம். செதுக்கு வேலை நம் ஆசாரிகளின் நுணுக்கத்துக்குக் கிட்ட வராது. ஆனால் ஆளை ஆளாகப் பிடித்திருக்கிறார்கள். முகம் தேய்ந்தும் குணம் தெரிகிறது.

ஞானஸ்நானத் தொட்டியின் சிற்பங்களைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். கயிற்றை இழுத்தால் மணியடிக்கும் மர வீரன் ஒருவன் இருக்கிறான், 1682 என்று போட்டிருக்கிறது. வடக்குக் கதவில் கருகிய கோடுகள். 1577 ஆகஸ்ட் புயலில் இடி விழுந்து கோபுரத்தின் கூர்முனை சரிந்தபோது, ஒரு கறுப்பு நாய் வந்து கீறிவிட்டுப் போனதாகக் கதை. நாய் வைரவருக்கு வாகனம்; வைரவன்பட்டிப் பக்கத்து ஆளுக்கு நாயைக் கண்டால் பயமா வரும், கும்பிடத்தான் தோன்றும்.

ஐந்துக்கு ஐந்து. பகல் வெளிச்சத்தில் போங்கள், பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள், கழுத்து வலிக்குத் தைலமும். கட்டணம் கிடையாது, உண்டியல் இருக்கிறது, போடுங்கள்.

ஊர் திரும்பியதும் பள்ளத்தூரிலிருந்து ஒரு கஜலட்சுமி நிலை வந்தது. வலப்பக்க யானைக்குத் தும்பிக்கை இல்லை. வழக்கம்போல ஆசாரி ஒட்டுப்போட உளியோடு உட்கார்ந்தார். “அப்படியே இருக்கட்டும் அண்ணே” என்றேன். “விலை போகாதே” என்றார். சரியாகத்தான் சொன்னார், இன்னும் கடையில்தான் நிற்கிறது.