வாழைக்குத் தண்ணீர்க் கணக்கு போட க்ராப்வாட்: என் அனுபவம்

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் இலவசமாகத் தரும் க்ராப்வாட் 8.0 மென்பொருளை வாழைக்காகவே இறக்கி வைத்திருக்கிறேன். விண்டோஸ் கணினியில்தான் ஓடும், திரையைப் பார்த்தாலே அதன் வயசு தெரியும். ஆனால் இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்கிறது. தோட்டத்து ஷெட்டில் எனக்கு அதுதான் வேண்டும்.

வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் நேரம் ஆகியவற்றை மாதவாரியாகக் கொடுத்தால், பென்மன்-மான்டீத் என்ற கணக்கு முறையில் புல்தரை ஒரு நாளில் இழக்கும் நீரைச் சொல்லும். அதைப் பயிருக்கான குணகத்தால், அதாவது புல்லைப் போல எத்தனை மடங்கு நீர் இழக்கும் என்ற எண்ணால், பெருக்கிக்கொள்ளும். முதல் வருஷ வாழைக்கு ஆரம்பத்தில் 0.5, இலை விரிந்து நிழல் கட்டியதும் 1.1. மறுதாம்பு (வெட்டிய மரத்தின் பக்கக்கன்றில் வரும் அடுத்த பயிர்) ஆரம்பிப்பதே 1.0-இல், உச்சம் 1.2. கன்றுக்கும் குலை தள்ளும் மரத்துக்கும் ஒரே நேரம் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு இந்த நாலு எண்ணைக் காட்டினாலே போதும்.

எரிச்சல் எங்கே என்றால், விடை மில்லிமீட்டரில் வரும். மரத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை நாம்தான் போட வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். புல்தரைக் கணக்கு 5 மி.மீ. இருக்கும் நாளில் வளர்ந்த வாழைக்கு 5.5 மி.மீ.; 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் மரத்துக்குக் கிட்டத்தட்ட 18 லிட்டர். சொட்டுநீரில் 90 சதவீதம் வேருக்குப் போகிறது என்று வைத்தால் 20 லிட்டர் விட வேண்டும். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் இரண்டு இருந்தால் இரண்டரை மணி நேரம். அதே நாளில் இளங்கன்றுக்கு 9 லிட்டர் போதும்.

மண் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். வாழை மேல்வேர்ப் பயிர். மண்ணில் எடுக்கக்கூடிய ஈரத்தில் 35 சதவீதம் தீர்ந்தாலே வாட ஆரம்பிக்கும். வண்டல் கலந்த மண்ணில் ஐந்தாறு நாள் தாங்குவது மணல் நிலத்தில் மூன்று நாளில் முடிந்துவிடும். பாத்தியில் பாய்ச்சுகிறவர்களுக்கு இந்த இடைவெளிதான் முக்கியம், மொத்த லிட்டர் அப்புறம்.

கூடவே கிடைக்கும் கிளிம்வாட் என்ற வானிலைத் தரவு பல வருஷச் சராசரி. இந்த வாரம் பெய்த மழை அதற்குத் தெரியாது. அதனால் நாளைக்கு வால்வைத் திறக்கலாமா என்று இதைக் கேட்பதில்லை. அதற்கு மழைமானியும் ஒரு பிடி மண்ணும் போதும். நடுவதற்கு முன்னால் கேட்கிறேன். ஆயிரம் கன்று வைத்தால், வெயில் உச்சத்தில் புல்தரைக் கணக்கு 7 மி.மீ. தொடும்போது நாளுக்கு 28,000 லிட்டர் ஆகும். கிணறு அவ்வளவு தருமா, இல்லை 700 கன்றோடு நிற்கலாமா என்ற முடிவுக்கு இது நல்ல துணை.

ஒரே வால்வில் பல வயசு மரம் கலந்து நிற்கும் தோட்டத்துக்கு மட்டும் இது சரிப்படாது.